பத்தியில் இல்லாததை எழுதவில்லை என்று மதிப்பெண் குறைப்பார்களா?

கேள்வி: சுளகுக்காரி, முக்கூடல் பக்கம்

வணக்கம். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், வீட்டில் பீடி சுற்றுகிறேன். என் மகன் ஒன்பதாம் வகுப்பு. அவனுடைய காலாண்டுத் தமிழ்த் தாள் நேற்று வீட்டுக்கு வந்தது. ஓர் உரைநடைப் பத்தியைக் கொடுத்து நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். எட்டுக்கு மூன்று வாங்கியிருக்கிறான். மற்ற பகுதிகளில் நன்றாகவே எழுதியவன் இதில் மட்டும் எப்படிச் சறுக்கினான் என்று பத்தியை நானே இரண்டு முறை படித்தேன். படித்த பிறகு எனக்கு அவன்மேல் கோபமில்லை, கேள்வித்தாள்மேல்தான் கோபம். பத்தி இதுதான்:

"திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஓடும் தாமிரபரணியைக் கடக்க ஒரு காலத்தில் ஓடம் ஒன்றே வழி. வெள்ளக் காலத்தில் அதுவும் நின்றுவிடும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் பாலம் கட்டும் செலவைத் தாமே ஏற்றார். அவர் மனைவி தம் நகைகளையும் கழற்றிக் கொடுத்தார் என்பர். 1843இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் இன்றும் பேருந்துகள் ஓடுகின்றன."

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்தப் பாலத்தில்தான் பஸ் போகும். ஆகவே பத்தி எனக்குப் புரியாமல் இல்லை.

முதல் கேள்வி, பாலம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது. 1843 என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிட்டான். இரண்டாவது, "ஆசிரியர் தாம் உறுதியாக அறியாத செய்தி எது? எப்படிக் கண்டாய்?" இவன் "எல்லாவற்றையும் உறுதியாகவே சொல்லியிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறான். பூஜ்யம். மூன்றாவது, "சுலோசன முதலியாரைப் பற்றி ஆசிரியர் என்ன நினைக்கிறார்?" அதற்கு "அது பத்தியில் இல்லை" என்று எழுதியிருக்கிறான். அதற்கும் பூஜ்யம். நான்காவது, பாலத்தின் கட்டுமானத்தைப் பற்றிப் பத்தியிலிருந்து என்ன தெரிகிறது என்று. "இப்போதும் பஸ் ஓடுகிறது" என்று எழுதி ஒன்று வாங்கியிருக்கிறான்.

ஓரத்தில் சிவப்பு மையில் "ஊன்றிப் படி" என்று எழுதியிருக்கிறது. எதை ஊன்ற? ஆசிரியர் மனத்தில் நினைத்தது தாளில் இல்லையே. கடையில் இலை கொடுக்காமல் ஆயிரம் பீடி கேட்டால் நான் எதை வைத்துச் சுற்றுவேன்? என் பிள்ளை "இல்லை" என்று நேர்மையாக எழுதியதற்குத்தான் பூஜ்யமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தப்பு எங்கள் பக்கம் என்றாலும் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.


பதில்: பழைய வாத்தியார், பாளையங்கோட்டை

அம்மா, "ஊன்றிப் படி" என்று சிவப்பு மையில் எழுதும் பாவத்தை 34 ஆண்டுகள் நானும் செய்தவன். அப்படி எழுதிவிட்டால் கற்றுக்கொடுத்துவிட்டதாக எங்களுக்கு ஒரு நினைப்பு. எப்படி ஊன்றுவது என்பதை ஒரு நாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அந்தக் கடனைக் கொஞ்சம் இங்கே அடைக்கிறேன்.

இன்று மாலை பையனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நான்காவது வாக்கியத்தின் கடைசியில் இருக்கும் "என்பர்" என்ற சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். "அவர் மனைவி தம் நகைகளையும் கழற்றிக் கொடுத்தார்." நடந்தது நடந்தபடி. இப்போது விரலை எடுங்கள். "கொடுத்தார் என்பர்." எழுதியவர் ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டார், பார்த்தீர்களா? ஊர் சொல்கிறது, நான் கேட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு என்னுடையதல்ல என்கிறார். இப்படி ஐந்து வாக்கியங்களில் ஒன்றுக்கு மட்டும் வால் இருக்கிறது. செலவை ஏற்றதற்கு இல்லை, 1843க்கும் இல்லை. இரண்டாவது கேள்விக்கு விடை அந்த வால்தான். ஆகவே பத்தியில் இல்லை என்று சொல்ல முடியாது. நான்கெழுத்தில், புள்ளி வைத்தே இருக்கிறது.

அடுத்து "உம்". தமிழில் இதைப் போல நிறையச் சுமக்கும் சின்ன உருப்படி வேறு இல்லை. இதற்கு நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு எட்டும் வேண்டாம். எச்ச உம்மை ஒன்று பிடிபட்டால் போதும். "இந்த ஆண்டும் நெல்லையப்பர் தேர் நிலைக்கு வர இருட்டிவிட்டது" என்று யாராவது எழுதினால், போன ஆண்டும் அப்படித்தான் என்பது சொல்லாமலே வந்துவிடுகிறது. "நகைகளையும்" என்றால் நகைக்கு முன்னால் வேறு ஏதோ கொடுக்கப்பட்டிருக்கிறது. அது என்ன, எவ்வளவு என்று தெரியாது. ஆனால் ஒன்று இருந்தது. "நகைகளை" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ஒன்று கிடையாது. "இன்றும்" என்பதில் இருக்கும் "உம்" வேறு வகை. இவ்வளவு காலம் கழித்துமா என்ற வியப்பு அதில் ஏறியிருக்கிறது. நான்காவது கேள்வி கேட்டது அந்த வியப்பைத்தான். 1843ஐயும் "இன்றும்" என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் 180 ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. மாட்டுவண்டிக்குக் கட்டியது பஸ்ஸைத் தாங்குகிறது, ஆகவே கட்டுமானம் உறுதியானது. உங்கள் மகன் முதல் படியில் கால் வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான். ஒரு மதிப்பெண் கொடுத்த ஆசிரியர் நியாயமானவர்தான்.

இதற்குத் தமிழில் உய்த்துணர்தல் என்று பெயர். நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் கடைசியாக நிற்பது "உய்த்துணர வைப்பு". எழுதுகிறவனே சிலவற்றை வேண்டுமென்று வாசகனிடம் விட்டுவைப்பான் என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எனவே உங்கள் கோபம் இந்தக் கேள்வித்தாளோடு நிற்காது, நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் வரை போகும்.


பதில்: இரவுப்பணி, திருநெல்வேலி நகரம்

அக்கா, நான் ஒரு நாளிதழில் 14 வருடமாகச் செய்தி திருத்துகிறேன். வாத்தியார் ஐயா வால் என்று சொன்னதை நாங்கள் குடை என்போம். மழை வந்தால் நனையாமல் இருப்பதற்கு. "எனத் தெரிகிறது", "என்று கூறப்படுகிறது", "எனத் தெரியவந்துள்ளது". பையனுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டாம். டீக்கடையில் கிடக்கும் பேப்பரில் இந்தக் குடைகளைப் பென்சிலால் சுழிக்கச் சொல்லுங்கள். "போலீசார் கூறினர்" என்றால் கூறிய ஆள் உண்டு. "கூறப்படுகிறது" என்றால் கூறியவர் காணாமல் போய்விட்டார். சில சமயம் அவர் பெயரைச் சொல்ல முடியாத நியாயமான காரணம் இருக்கும். சில சமயம் நிருபர் யாரையும் கேட்கவே இல்லை. எது என்று அந்தச் சொல்லைப் பார்த்தே சொல்லிவிட முடியாது. ஆனால் கேட்க வேண்டிய இடம் அதுதான் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், நீங்கள் கோபப்பட்ட கேள்வி. எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறாரே, அங்கே மாட்டிக்கொள்வார். இரண்டு தலைப்புகள் தருகிறேன், நானே இட்டவை. "குடிநீர் கேட்டுப் பெண்கள் மறியல்: போக்குவரத்து பாதிப்பு." இன்னொன்று, "இரண்டு வாரமாகக் குடிநீர் இல்லை: பெண்கள் மறியல்." ஒரே காலை, ஒரே சாலை, அதே பெண்கள். இரண்டிலும் பொய் ஒன்றுமில்லை. முதல் தலைப்பை எழுதியவர் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவதை எழுதியவர் காலிக் குடத்தோடு நிற்கிறார். அவர் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் மகனிடம் கேட்ட கேள்வி. "ரூ.5 லட்சம் ஒதுக்கீடு" என்பதற்கும் "ரூ.5 லட்சம் மட்டுமே ஒதுக்கீடு" என்பதற்கும் பணத்தில் ஒரு பைசா வித்தியாசம் இல்லை. "மட்டுமே" என்பது முழுக்க எங்கள் மேசையில் சேர்ந்தது.

பத்தியில் "செலவைத் தாமே ஏற்றார்" என்று இருக்கிறது. "செலவை ஏற்றார்" என்றாலே செய்தி முடிந்துவிடும். அந்தத் "தாமே" எதற்கு? வேறு யாரையும் எதிர்பார்க்காமல் என்று தட்டிக்கொடுக்கிறது. அது பாராட்டு. "தட்டிக்கொடுக்கிறார், காரணம் தாமே" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்கே உறுத்துவது. 2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்குத் தெரியும், ஆற்றுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அது அளந்த கணக்கு, அதில் வாதம் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க "வரலாறு காணாத", "வரலாறு காணாத" என்று நாங்கள் அச்சடித்துத் தள்ளினோம். மழைக்கு அது பொருந்தலாம். வெள்ளத்துக்கும் சேர்த்து ஒட்டிவிட்டோம். 1992 நவம்பரில் தாமிரபரணி வீடுகளுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். "வரலாறு காணாத" என்று எழுதிவிட்டால், எதிர்பார்த்திருக்க முடியாதுதானே என்ற நினைப்பு வாசகருக்கு வந்துவிடுகிறது. ஏன் முன்னேற்பாடு இல்லை என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. எண்ணை எண்ணாகவும் பெயரடையைப் பெயரடையாகவும் பிரித்துப் படிக்கப் பையனைப் பழக்குங்கள். எங்களையும் சேர்த்தே சந்தேகப்படட்டும்.


பதில்: குமாஸ்தா, அம்பாசமுத்திரம்

இரண்டு பேரும் நன்றாகத்தான் சொன்னார்கள். ஆனால் தங்கச்சி, உங்கள் பையன் பக்கமும் பேச ஒருவர் வேண்டும். நான் பேசுகிறேன்.

வக்கீல் ஆபீசில் பத்திரம் படித்தே தலை நரைத்தவன் நான். இல்லாததை இருப்பதாகப் படிக்கிறவர்களால்தான் எங்களுக்குப் பிழைப்பு. பழைய கிரயப் பத்திரங்களில் நான்கு எல்லை இப்படி எழுதியிருக்கும்: "வாய்க்காலுக்கு வடக்கு." அதாவது மனை வாய்க்காலுக்கு வடக்கே இருக்கிறது, வாய்க்கால் மனைக்குத் தெற்கே ஓடுகிறது. படிக்கிற பிள்ளைகள் "வடக்கு" என்ற சொல்லைப் பார்த்ததும் வடக்குப் பக்கம் போய் வாய்க்காலைத் தேடுவார்கள். காணோம் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்காலை மூடிவிட்டார் என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். அப்புறம் அளவை, வழக்கு, வாய்தா. உருபு ஒன்றைச் சரியாகப் படித்திருந்தால் இவ்வளவும் இல்லை.

சரியாகப் படித்தாலும் எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். பத்திரத்தில் வாய்க்கால் என்று இருக்கிறது, இன்று அந்த இடத்தில் சிமென்ட் ரோடு இருக்கிறது. பத்திரம் எழுதிய நாளில் அதை எழுதியவர்கள் அங்கே வாய்க்கால் என்று சொன்னார்கள். இது உய்த்துணர்வு. வாய்க்காலை மூடியது இன்னார், அதில் காசு வாங்கியது இன்னார் என்பது ஊகம். அதற்கு வேறு ஆவணம் வேண்டும். எல்லாரும் இரண்டாவதற்குத்தான் ஆசைப்படுகிறார்கள்.

இப்போது பத்திக்கு வருகிறேன். "ஓடம் ஒன்றே வழி" என்று எழுதியவர் கோடையில் கொக்கிரகுளம் பக்கம் நின்று பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். சித்திரை வைகாசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஆற்றைத் தாண்டியவன் நான். அந்தக் காலத்திலும் ஆள் நடந்து கடந்திருக்க மாட்டானா? "ஒன்றே" என்ற ஏகாரம் கொஞ்சம் அதிகம். வாத்தியார் ஐயா "என்பர்" இருக்கும் வாக்கியம்தான் உறுதியற்றது என்கிறார். எழுதியவர் தாமே உறுதியற்றது என்று ஒப்புக்கொண்ட வாக்கியம் அது. ஒப்புக்கொள்ளாமல் அடித்துச் சொன்ன முதல் வாக்கியத்தில்தான் எனக்கு இடிக்கிறது. குடை பிடித்தவரை விட்டுவிட்டு, பிடிக்காதவரைக் கேளுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு "மதிப்பு வைத்திருக்கிறார்" என்பது வரைக்கும் எழுதலாம். "பெருமைப்படுகிறார்", "கண் கலங்குகிறார்" என்றெல்லாம் எழுதுகிற பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்து, "இல்லை" என்று எழுதியவனுக்குப் பூஜ்யம் கொடுத்திருந்தால், என்னிடம் வாருங்கள், மேல்முறையீடு எழுதித் தருகிறேன்.


பதில்: பழைய வாத்தியார், பாளையங்கோட்டை

குமாஸ்தா அவர்கள் சொன்ன கோடைக்காலத்து ஆறு எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பத்தியை வகுப்பில் வைத்திருந்தால் "ஒன்றே" என்பதைத் தாண்டிப் போயிருப்பேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அச்சில் வந்த வாக்கியத்தின்மேல் எங்களுக்கு ஒரு மரியாதை. அது தொழில் நோய்.


சுளகுக்காரி, முக்கூடல் பக்கம்

ஐயாமார் இருவருக்கும் தங்கைக்கும் நன்றி. தப்பு எங்கள் பக்கம் என்று தெரிந்துகொண்டேன். முழுத் தப்பு இல்லை என்றும் தெரிந்துகொண்டேன்.

நேற்று மாலை சுளகை மடியில் வைத்துக்கொண்டே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் இலையை மடிக்க, அவன் விரலால் மறைக்க, ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தோம். "என்பர்" அவனுக்கு உடனே பிடித்துவிட்டது. "அப்படியானால் ஆச்சி சொல்லும் கதையெல்லாம் என்பர்தானா?" என்று கேட்டான். மாமியார் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பேச்சை அதோடு நிறுத்தினேன்.

"தாமே"யை எடுத்தான், வைத்தான். "உம்" எடுத்தான், வைத்தான். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அம்மா, இந்த அம்மாளுக்குப் பெயர் இல்லை" என்றான். எந்த அம்மாள் என்றேன். "நகை கொடுத்தவர். முதலியாருக்குப் பெயர் இருக்கிறது, வேலை இருக்கிறது. பாலத்துக்கு வருஷம் இருக்கிறது. இவர் வெறும் அவர் மனைவி." நான் மூன்று முறை படித்த பத்தி. பெண்ணாகப் பிறந்த எனக்கே கண்ணில் படவில்லை.

இதிலிருந்து என்ன எழுதலாம் என்று கேட்கிறான். எழுதியவருக்குப் பெண்கள் என்றால் இளக்காரம் என்று எழுதட்டுமா என்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. குமாஸ்தா ஐயா என்ன சொல்வாரோ என்று பயமாகவும் இருக்கிறது.


பதில்: குமாஸ்தா, அம்பாசமுத்திரம்

பயப்பட வேண்டியதுதான். இந்தப் பத்தியில் பெயர் இல்லை, அவ்வளவுதான் கையில் இருக்கிறது. பெயர் கிடைக்காமல் விட்டாரா, இடம் போதாமல் விட்டாரா, அக்கறையில்லாமல் விட்டாரா என்று ஐந்து வாக்கியத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் பையனைக் கோர்ட்டு வேலைக்கு அனுப்புங்கள். இல்லாததைப் பார்க்கிற கண் எளிதில் அமையாது.


பதில்: இரவுப்பணி, திருநெல்வேலி நகரம்

அக்கா, நான் திருத்தியிருந்தால் ஓரத்தில் "பெயர்?" என்று எழுதி நிருபருக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன். அனுப்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பின்னிரவில் பக்கம் முடிக்கும் நேரமென்றால் விட்டுத்தான் இருப்பேன்.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். பெயர் இல்லாத வாக்கியமும் "என்பர்" போட்ட வாக்கியமும் ஒரே வாக்கியம். இரண்டையும் சேர்த்து யோசிக்கட்டும். அந்த அம்மாள் செய்தது இந்தப் பத்திக்கு வாய்வழியாக வந்திருக்கிறது. வந்த வழியில் நகை நின்றிருக்கிறது, பெயர் நிற்கவில்லை. அதை எழுதட்டும், இளக்காரத்தை எழுத வேண்டாம்.


சுளகுக்காரி, முக்கூடல் பக்கம்

அப்படியே எழுதிக்கொண்டு போய்த் தமிழாசிரியரிடம் காட்டினானாம். மதிப்பெண் மாறவில்லை. ஆசிரியர் இரண்டு முறை படித்துவிட்டு, தாளை அவரே வைத்துக்கொண்டாராம்.

இன்னொரு விஷயம். நாங்கள் பீடி போடும் கடையில் போன வாரம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. "இலை போதுமான அளவு வழங்கப்படுகிறது. தரம் குறைந்த பீடிகள் கழிக்கப்படும்." கொடுக்கிற இலை ஆயிரத்துக்குக் காணாமல் நாங்கள் கைக்காசு போட்டு வெளியில் வாங்குகிறோம். அது இருக்கட்டும். பீடி கொடுக்க என்னோடு வந்த மகன் நோட்டீஸின் முன்னால் போய் நின்று "போதுமான அளவு" என்பதை விரலால் மறைத்தான். "இலை வழங்கப்படுகிறது. இதுவரைக்கும் சரிதானே அம்மா?" என்றான். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

நான் ஏஜென்டிடம் கேட்டேன், "அண்ணாச்சி, போதும் என்று சொன்னது யார்? கழிக்கப்படும் என்றால் கழிக்கிறது யார், நீங்களா, கம்பெனியா?" அவர் எழுந்து வந்து, தானே ஒட்டிய நோட்டீஸை முதல் தடவை பார்ப்பதைப் போல முழுதாகப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் கட்டில் அன்றைக்கு ஒரு பீடிகூடக் கழியவில்லை.

மறுநாள் போனபோது நோட்டீஸ் கிழிக்கப்பட்டிருந்தது.